வரன் படிவத்துல ‘நிறம்’ கட்டம் எதுக்கு? மதுரைக்காரங்க கொஞ்சம் வாங்க

மேலூர்_டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

எங்க உறவின்முறைச் சங்கத்துல வருசா வருசம் வரன் அறிமுக விழா நடக்கும். மாட்டுத்தாவணி பக்கம் ஒரு மண்டபம். காலையில இட்லி, மத்தியானம் இலைச் சாப்பாடு. நடுவுல மேடையில மைக்கைப் பிடிச்சு ஒவ்வொரு பிள்ளையோட பேரு, படிப்பு, நட்சத்திரம், சம்பளம் எல்லாம் வாசிப்பாங்க. அதுக்கு முன்னாடி ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்கணும். அதுல உயரம், எடைக்குக் கீழ ‘நிறம்’னு ஒரு கட்டம். சிவப்பு, பொன்னிறம், மாநிறம், கருப்பு. ஏதாவது ஒண்ணுல டிக் அடிக்கணும்.

இந்த வருசம் மகளிர் அணி சார்பா நானும் நிர்வாகக் குழுவுல இருக்கேன். அடுத்த மாசக் கூட்டத்துல அந்தக் கட்டத்தை எடுக்கச் சொல்லலாம்னு இருக்கேன். போன வருசம் வந்த படிவக் கட்டை எடுத்துப் புரட்டினேன். பொண்ணு வீட்டுப் படிவம் ஒண்ணுலகூட ‘கருப்பு’ல டிக் இல்ல. எல்லாரும் மாநிறம், பொன்னிறம். நம்ம ஊர்ல, நம்ம வெயில்ல, ஒரு கருப்புப் பொண்ணுகூட இல்லையாம்! ஆனா ‘எதிர்பார்ப்பு’ பகுதியில மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரிசையா ‘நிறமான பெண்’னு எழுதியிருக்காங்க. அதுல யாரும் கூச்சப்படல.

எடுத்தா பிரயோசனம் இருக்குமா? சங்கத்துப் பெரியவங்ககிட்ட எப்படிப் பேசினா காது கொடுப்பாங்க? ‘நிறவெறி’ன்னு ஆரம்பிச்சா டீ குடிக்க எந்திரிச்சுப் போயிருவாங்க, அது எனக்கே தெரியும். வேற வழி சொல்லுங்க.

செல்லூர்_சிங்கம்

போட்டோ ஒட்டுறோம்ல டீச்சர், கட்டத்தை எடுத்துட்டா கண்ணை மூடிக்கிருவாய்ங்களா என்ன. ஆனாலும் எடுங்க. எங்க அக்காவுக்கு இதே மாதிரி ஒரு படிவத்தை எங்க அப்பாதான் நிரப்புனாரு. ‘பொன்னிறம்’னு டிக் அடிச்சாரு. அக்கா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. அவரும் நிமிரல, அதுவும் பேசல.

டவுன்ஹால்ரோடு_ஸ்டுடியோ

போட்டோன்னு சொன்னதால வர்றேன். பொண்ணு போட்டோ எடுக்க வந்தா, எடுத்து முடிச்சதும் அம்மா மட்டும் கவுண்டர்கிட்ட வந்து மெதுவா, ‘கொஞ்சம் கலர் ஏத்திருங்க தம்பி’ம்பாங்க. பொண்ணுக்குக் கேக்காதுன்னு நினைச்சுக்கிறாங்க. கடை பத்தடி அகலம், எல்லாம் கேக்கும்.

ரோல் பிலிம் காலத்துல லைட்டைக் கூட்டி, பிரிண்ட்ல வெளுப்பாக்கித் தருவாங்க. இப்பக் கம்ப்யூட்டர்ல முகத்தைத் தனியாப் பிரிச்சு ஏத்துறது. அவசரத்துல கையை விட்டுருவாங்க. வரன் போட்டோவுல பொண்ணு முகம் ஒரு நிறமும், மடியில கோத்த கை ஒரு நிறமுமா இருக்கிறது இதனாலதான். நேர்ல பாக்க வர்ற மாப்பிள்ளை வீட்டுக்கும் இது தெரியும். அவங்க பையன் போட்டோவும் எங்ககிட்ட இருந்துதானே போயிருக்கு.

இன்னொரு விசயம். கருத்த முகத்தை நல்லா எடுக்க முடியும். பக்கவாட்டுல இருந்து வெளிச்சம் வரணும், பின்னாடி அடர்த்தியான சுவர் இருக்கணும். வெள்ளைத் துணிக்கு முன்னாடி உக்கார வச்சு நேரா பிளாஷ் அடிச்சா யார் முகமும் செத்துத்தான் போகும். இதைச் சொன்னா ‘கலர் ஏத்துவீங்களா மாட்டீங்களா’ன்னு கேக்குறாங்க.

தகவல்மையம்_பழைய_ஆள்

டீச்சரம்மா, நான் ஜாதகம் பரிமாற்றம் பண்ற ஆள். கட்டத்தை எடுத்துட்டா போன்ல கேப்பாங்க. இப்பவே அப்படித்தான். ‘பொண்ணு எப்படிங்க?’ன்னு கேட்டா அது குணத்தை விசாரிக்கிறதில்ல. நாங்களும் அதுக்குத் தக்கன பதில் வச்சிருக்கோம். ‘நல்லா களையா இருக்கும்’னு சொன்னா கருப்பு. ‘லட்சணமா இருக்கும், அடக்கமான புள்ள’ன்னா மாநிறத்துக்குக் கீழ. நிறமான பொண்ணா இருந்தா இம்புட்டு வார்த்தை தேவையே இல்ல, ‘வந்து பாருங்க’ன்னு முடிச்சிருவோம்.

அதுக்கப்புறம் பவுன் பேச்சு. யாரும் நேராச் சொல்ல மாட்டாங்க. ‘பொண்ணு கொஞ்சம் மட்டா இருக்கு, அதுனால நீங்களே பாத்துச் செய்ங்க’ அவ்வளவுதான். அந்த ‘நீங்களே பாத்துச் செய்ங்க’வுக்கு ஒரு விலை உண்டு. பொண்ணைப் பெத்தவரு ராத்திரி எனக்குப் போன் போட்டு, ‘எம்புட்டு எதிர்பாக்குறாங்க, நீங்க விசாரிச்சுச் சொல்லுங்க’ம்பாரு. நான் இந்தத் தொழில்ல சோறு திங்கிறவன்தான். இருந்தாலும் சொல்றேன், நிறத்துக்கு நகை போடுற கணக்கு நம்ம பக்கம் நடக்குது. அந்தக் கட்டம் அந்தக் கணக்குக்கு முதல் வரி. எடுக்க முடிஞ்சா எடுங்க.

வைகை_வடகரை

1961லயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துருச்சுண்ணே. கேக்குறதும் குத்தம், கொடுக்கிறதும் குத்தம்.

தகவல்மையம்_பழைய_ஆள்

தெரியும் தம்பி. அதுனாலதான் ‘நீங்களே பாத்துச் செய்ங்க’ங்கிறாங்க.

அனுப்பானடி_அத்தை

எல்லாரும் ஒரே பக்கமாப் பேசுறீக. நான் ஒண்ணு கேக்குறேன். வீட்டுக்கு வர்ற மருமக செவப்பா இருக்கணும்னு ஆசைப்படுறது ஒரு குத்தமா? புடவை எடுக்கப் போனா பிடிச்ச கலரைத்தான எடுக்கிறோம்? நான் யாரையும் கருப்புன்னு ஒதுக்கினதில்ல. எம் மூத்த மருமக கருப்புதான், தங்கமான புள்ள. ஆனா பேத்தி பொறந்தப்ப காது மடலைத் திருப்பிப் பாத்தேன், நகக்கண்ணைப் பாத்தேன். அது எல்லாரும் பாக்குறதுதான். அதுல என்ன வஞ்சகம் இருக்கு? கடலைமாவும் பாலாடையும் போட்டுத் தேய்ச்சுக் குளிப்பாட்டினேன். நல்லாத்தான் இருக்கா.

செல்லூர்_சிங்கம்

அத்தே, புடவைக்குக் காது கேக்காது.

கோரிப்பாளையம்_கோமதி

அத்தை சொல்றதைச் சிரிச்சுத் தள்ளாதீங்க. இந்த இழையில உண்மையைப் பேசினது அவங்கதான். எங்க வீட்டுலயும் யாரும் யாரையும் வெறுத்ததில்ல. ‘வெயில்ல நிக்காத கருத்துருவ’, ‘இந்தக் கலர் சுடிதார் உனக்கு எடுக்காது’, ‘அக்கா கலரு உனக்கு வரல’. எல்லாம் பாசத்தோட சொன்னதுதான். திட்டினா எதிர்த்துப் பேசலாம். பாசமாச் சொன்னா என்ன பண்றது?

‘கருப்பா இருந்தாலும் களையா இருக்கா’ன்னு என்னைப் பத்தி எத்தனை பேர் சொல்லியிருக்காங்க. அந்த ‘இருந்தாலும்’ எதுக்கு வருது? செவத்த பொண்ணைப் பாத்து ‘செவப்பா இருந்தாலும் களையா இருக்கா’ன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

தோல்_டாக்டர்_மதுரை

அத்தை கேட்டதுக்கு மருத்துவமாப் பதில் சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்கத்தை.

பிறந்த குழந்தைக்கு மெலனின், அதாவது தோலுக்கு நிறம் கொடுக்கிற நிறமி, முழுசா உருவாகியிருக்காது. அதனால எல்லாக் குழந்தையும் கொஞ்சம் வெளுப்பா, செக்கச்செவேல்னுதான் இருக்கும். அப்புறம் வாரக்கணக்குல, மாசக்கணக்குல அதோட சொந்த நிறத்துக்கு வரும். ‘பொறந்தப்ப செவப்பா இருந்தான், வெயில்ல தூக்கிட்டுப் போய்க் கருத்துட்டான்’னு தாயைத் திட்டுற வீடுகள் இருக்கு. தாய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கர்ப்பமா இருக்கும்போது குங்குமப்பூ பாலைக் குடிச்சா குழந்தை சிவப்பா பிறக்காது. நிறத்தைத் தீர்மானிக்கிறது மரபணு. காசைக் கொண்டுபோய்க் குங்குமப்பூவில் போடாம முட்டை, கீரை, இரும்புச்சத்து மாத்திரைன்னு பாருங்க. கடலைமாவை அழுத்தித் தேய்க்கிறதும் பச்சைக் குழந்தைத் தோலுக்கு ஆகாது.

நிறம் கொடுக்கிற செல்கள் கருத்தவங்களுக்கும் வெளுத்தவங்களுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். அது எவ்வளவு நிறமியை, எந்த வகையா உண்டாக்குதுங்கிறதுலதான் வித்தியாசம். அந்த நிறமி புற ஊதாக் கதிரைத் தடுக்குது. மதுரை இருக்கிறது வட அட்சரேகை 10 டிகிரிக்குப் பக்கத்துல. இங்க கருத்த தோல் குறை இல்ல, தேவை. எஸ்.எல்.சி.24.ஏ.5 னு ஒரு மரபணு. அதுல ஒரே ஒரு எழுத்து மாறினா தோல் வெளுக்கும். தெற்காசிய மக்கள்கிட்ட அது எப்படிப் பரவியிருக்குன்னு ஹைதராபாத்ல உயிரணு, மூலக்கூறு ஆராய்ச்சி பண்ற சி.சி.எம்.பி. மையத்து ஆய்வாளர்களும் சேர்ந்து 2013ல ஆய்வு வெளியிட்டாங்க. ஒரே அம்மா அப்பாவுக்குப் பிறந்த ரெண்டு பிள்ளைங்க ரெண்டு நிறமா இருக்கிறதுக்கு இந்த மாதிரிச் சீட்டுக் குலுக்கல்தான் காரணம்.

அனுப்பானடி_அத்தை

குங்குமப்பூ கிராம் என்ன விலை தெரியுமா டாக்டரு. இதை அன்னைக்கே ஒருத்தரும் சொல்லலயே.

அழகர்மலை_அடிவாரம்

சங்கத்துப் பெரியவங்ககிட்ட இப்படிப் பேசுங்க டீச்சர். நம்ம பக்கம் பாதிப் பேருக்குக் குலசாமி கருப்பு. அழகர்கோயில்ல பதினெட்டாம்படிக் கருப்புக்குச் சிலைகூடக் கிடையாது, மூடின கதவுக்குத்தான் சந்தனம் சாத்துறோம். கண்ணனும் கருப்பு, காளியும் கருப்பு. கருப்பசாமி, கருப்பையா, கருப்பாயின்னு பேரு வச்ச கூட்டம் நாம. பொய் சத்தியம் பண்ண அந்தக் கதவுக்கு முன்னாடி நிக்கச் சொன்னா நடுங்குற ஆளுக, பொண்ணு பாக்கப் போன எடத்துல கருப்புன்னு சொல்லிக் காப்பியைக் கீழ வச்சுட்டு வர்றாய்ங்க.

வைகை_வடகரை

இந்த வாதம் கேக்க நல்லா இருக்கும்ணே, வேலைக்கு ஆகாது. ‘சாமி கருப்பு, பொண்ணு மட்டும் என்ன’ன்னு பட்டிமன்றத்துல சொன்னா கைதட்டுவாய்ங்க. தட்டிட்டு வீட்டுக்குப் போய் அதே வரனைத்தான் தேடுவாய்ங்க. பயப்படுற சாமிக்கு ஒரு நிறம், ஆசைப்படுற பொண்ணுக்கு ஒரு நிறம்னு நம்ம ஆளுக எப்பவோ பிரிச்சு வச்சுட்டாங்க. பேருலயே பாருங்க. என் வகுப்புல கருப்பசாமின்னு நாலு பேர் இருந்தாய்ங்க. இப்ப ஒருத்தன் சாமி, ஒருத்தன் கே.சாமி, ஒருத்தன் அரசிதழ்ல பேரையே மாத்திக்கிட்டான். ஒருத்தன்தான் அப்படியே இருக்கான். அவன் அப்பன் கோயில் பூசாரி, மாத்தவிடல.

அழகர்மலை_அடிவாரம்

நாலுல ஒண்ணு மிச்சம் இருக்குல்ல. நான் அவன் கட்சி.

மேலூர்_டீச்சர்

பள்ளிக்கூடத்தைப் பத்திச் சொல்லாம இருக்க முடியல. ஆண்டு விழாவுக்குக் கலெக்டரோ எம்.எல்.ஏ.வோ வந்தா வாசல்ல பன்னீர்ச் செம்பும் சந்தனக் கும்பாவும் பிடிச்சு நிக்கப் பிள்ளைங்களைத் தேர்ந்தெடுப்பாங்க. எந்தப் பிள்ளைங்கன்னு சொல்லவே வேண்டாம். நடனத்துல முன்வரிசை, நாடகத்துல ராணி, எல்லாம் அதே பிள்ளைங்க. கருத்த பையனுக்கு எமன், அரக்கன், இல்லேன்னா திரை இழுக்கிற வேலை. யாரும் இதை முடிவு பண்ணி எழுதி வைக்கிறதில்ல, தானா அப்படி அமையும். பட்டப்பேரு கருவாயன், கருவாச்சி. வாத்தியார்களே கூப்பிடுவாங்க, பிரியமாத்தான். ஆறாப்புப் பிள்ளை ஒண்ணு பரேட் வெயில்ல நிக்க மாட்டேன்னுச்சு. காலு வலிக்குதான்னு கேட்டா, ‘அம்மா கருத்துருவேன்னு சொல்லியிருக்கு மிஸ்’ங்குது. கபடியில நல்லா வர வேண்டிய பிள்ளை அது.

ஊமச்சிகுளம்_உண்மைவிளம்பி

எல்லாம் சரி டீச்சர், ஒரு சந்தேகம். சாதிச் சங்கம் நடத்துற வரன் விழா. அந்தப் படிவத்துல நிறக் கட்டத்தை எடுக்கப் போராட்டம். மேலேயே சாதி, உட்பிரிவு, குலசாமின்னு மூணு கட்டம் இருக்குமே, அதை என்ன பண்ணப்போறீங்க? நம்ம ஊர்ல நிறத்தைப் பாக்குறதே ‘என்ன ஆளுக’ன்னு மோப்பம் பிடிக்கத்தானே. அண்ணாநகர்ல வீடு வாடகைக்குக் கேட்டுப் போனப்ப வீட்டுக்காரம்மா முதல்ல என் முகத்தைப் பாத்துச்சு. அப்புறம் ‘சொந்த ஊரு எது’ன்னுச்சு. ஊரைச் சொன்னா ‘ஊருக்குள்ள எந்தத் தெரு’ன்னுச்சு. வீடு ‘நேத்தே பேசி முடிச்சாச்சு’. டூலெட் போர்டு இன்னும் தொங்குது. எல்லாச் சாதியிலயும் எல்லா நிறமும் இருக்குன்னு கண்ணால பாத்துக்கிட்டே, கருப்புன்னா கீழ, செவப்புன்னா மேலன்னு கணக்குப் போடுறாய்ங்க. அந்தக் கணக்கை விட்டுட்டு உங்க ஆளுகளுக்குள்ள மட்டும் நிறத்தைச் சரிபண்ணி என்ன ஆகப்போகுது?

மேலூர்_டீச்சர்

கேள்வி நியாயம். என்கிட்ட அதுக்கு நல்ல பதில் இல்ல. மேல இருக்கிற மூணு கட்டத்தையும் எடுங்கன்னு நான் சொன்னா அன்னைக்கே குழுவுல இருந்து என்னை எடுத்துருவாங்க, நாலாவது கட்டமும் அப்படியே நிக்கும். எங்க ஆளுகளுக்குள்ளயே ஒருத்தி கருப்பா இருக்கிறதால மட்டம்னா, வெளியில இருக்கிறவங்களை எப்படிப் பாப்பாங்கன்னு நீங்க சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்ல. என் கைக்கு எட்டுறது இந்தக் கட்டம். அதுக்கு மேல நீங்க இழுங்க, நான் தடுக்க மாட்டேன்.

ஊமச்சிகுளம்_உண்மைவிளம்பி

இழுத்துக்கிட்டுத்தான் இருக்கோம்.

மாட்டுத்தாவணி_மச்சான்

ஆம்பளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லைன்னு நினைக்காதீங்க. கருப்பு ஆம்பளைக்கு அழகுன்னு சொல்லுவாய்ங்க, பைபாஸ் ரோட்டுல பெரிய ஜவுளிக்கடையில வேலைக்குப் போங்க, தெரியும். நிறமா இருக்கிறவன் பட்டுச் சேலை கவுண்டர்ல, நம்ம ஆளு குடோன்ல. சம்பளம் ஒண்ணுதான், ஆனா கவுண்டர்ல நிக்கிறவனுக்குத்தான் இன்சென்டிவ். ஆம்பளைகளுக்குன்னு தனி சிவப்பழகு கிரீம் 2005லயே வந்துருச்சு. அதை வாங்கிப் பூசுனவன் எல்லாம் என்ன வெள்ளைக்காரனாவா ஆகிட்டான்.

ஆனா ஒண்ணை ஒத்துக்கிறணும். கருத்த மாப்பிள்ளைக்கு ஒரு அரசாங்க வேலை இருந்தாப் போதும், நிறம் மறைஞ்சுரும். கருத்த பொண்ணுக்கு அதே அரசாங்க வேலை இருந்தாலும் ‘வேலை இருக்கு, ஆனா...’ன்னு இழுப்பாய்ங்க.

மெடிக்கல்_முனை

நான் மருந்தாளுநர். இந்த இழையில கிரீமைப் பத்தி யாரும் எழுதாததால எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

கல்யாணம் பேசி முடிச்ச வீட்டுல இருந்து வருவாங்க. ‘ஒரு மாசத்துல கலர் வர்ற மாதிரி கிரீம் கொடுங்க’. டிவியில வர்ற சாதா கிரீமைச் சொன்னா, ‘அது இல்ல, அந்தச் சின்ன டியூப்’ம்பாங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணு போட்ட காலி டியூப்பையே சாம்பிளுக்குக் கொண்டுவருவாங்க. அந்தச் சின்ன டியூப்ல பெரும்பாலும் மூணு மருந்து சேர்ந்திருக்கும்: ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின், கூடவே மொமெட்டசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டு. மங்குக்கு, அதாவது கன்னத்துல வர்ற கருந்திட்டுக்கு, டாக்டர் எழுதிக்கொடுத்து, கொஞ்ச வாரத்துக்கு, ராத்திரி மட்டும் போடுற மருந்து அது. சிவப்பழகுக்காகத் தயாரிச்சது இல்ல. வெறும் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் ஆயின்மென்டைப் பவுடருக்கு அடியில பூசுற ஆளுகளும் உண்டு.

முதல் ரெண்டு வாரம் நிஜமாவே முகம் பளிச்சுனு ஆகும். அதான் ஆபத்து. ஊரே விசாரிக்கும், ‘என்னடி போடுற’ன்னு. டியூப் பேரு தெரு முழுக்கப் பரவிரும். மாசக்கணக்குல போட்டா தோல் மெலிஞ்சு உள்ள இருக்கிற ரத்தக் குழாய் சிவப்பு நூலாத் தெரியும். பரு கிளம்பும், கன்னத்துல முடி வளரும். வெயில்ல நின்னா எரியும். நிறுத்தினா முன்ன இருந்ததைவிட மோசமாச் சிவந்து வீங்கும், உடனே மறுபடி அதையே போடுவாங்க. சிக்கிக்கிறது அங்கதான்.

ஸ்டீராய்டு கிரீம்கள்ல 14 வகையை 2018ல மத்திய அரசு ஷெட்யூல் எச் கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டுவந்துச்சு. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது. சீட்டு இல்லாம விக்கிற கடையும் இருக்கு, அது ஊருக்கே தெரியும். டியூப்பைத் திருப்பிப் பாருங்க. சிவப்புக் கோடு இருந்தா அது டாக்டர் மருந்து, அழகுப் பொருள் இல்ல.

அதைவிட மோசம் வாட்ஸ்அப்ல, பார்லர்ல விக்கிற பேரு ஊரு இல்லாத டப்பா. தயாரிச்சவன் முகவரி இருக்காது, பேட்ச் நம்பர் இருக்காது. சிலதுல பாதரசம் இருக்கும். பாதரசம் மெலனின் உருவாகுறதைத் தடுக்கும், அதுனால வெளுக்கும். உடம்புக்குள்ள போய்க் கிட்னியையும் கெடுக்கும். 2023ல கேரளாவுல மலப்புறம் மாவட்டத்துல இப்படிக் கிரீம் போட்டவங்களுக்குக் கிட்னி பாதிச்சு, கோட்டக்கல்ல இருக்கிற டாக்டர்கள்தான் கிரீம்தான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. நம்ம நாட்டு அழகுசாதன விதிப்படி பாதரசத்தைச் சேர்க்கவே கூடாது. தன்னை அறியாம கலந்துட்டாலும் பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. கண்மை மாதிரிக் கண்ணுக்குப் போடுறதுக்கு மட்டும் விதி வேற.

சங்கத்துல பேசும்போது இதைச் சொல்லுங்க டீச்சர். மனசைப் பத்திப் பேசினா டீ குடிக்கப் போவாங்க. கிட்னியைப் பத்திப் பேசினா உக்காந்து கேப்பாங்க.

புதுசா_சேந்தேன்

மெடிக்கல் அண்ணே, நீங்க சொன்ன அந்த மூணு மருந்து டியூப்தான் நான் போட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு வருசத்துக்கு மேல. நிறுத்தினா எரியுது. வீட்டுல சொல்லல. என்ன பண்றது?

தோல்_டாக்டர்_மதுரை

பயப்படாதம்மா, இதுக்கு வழி இருக்கு. நீயா இன்னொரு கிரீமுக்கு மாறாத. டியூப்பை எடுத்துக்கிட்டு ஒரு தோல் டாக்டரைப் பாரு, படிப்படியா விடுறதுக்கு வழி சொல்லுவாங்க. ராஜாஜி அரசு மருத்துவமனையில தோல் பிரிவு இருக்கு, காசு கிடையாது. ‘கலர் வரணும்னு போட்டேன்’னு சொல்லக் கூச்சப்படாத, தினமும் கேக்குற விசயம்தான். எரிச்சல் சில மாசம் இருக்கும், குறைஞ்சுரும். வெயில்ல குடை பிடி. சோப்பு வேண்டாம்.

சிம்மக்கல்_வாசகர்

ஆசிரியை அவர்களுக்கு, கூட்டத்தில் எடுத்துச் சொல்லச் சில செய்திகள் தருகிறேன். பெரியவர்கள் ‘வேறெங்கே எடுத்தார்கள்?’ என்றுதான் முதலில் கேட்பார்கள்.

2020 ஜூனில் ஷாதி டாட் காம் வரன் தளம் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை நீக்கியது. அதே ஆண்டு ‘ஃபேர் அண்ட் லவ்லி’ தன் பெயரை ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிக்கொண்டது. 1975இல் சந்தைக்கு வந்த பெயர் அது. அதற்கு முன்பே, 2014இல், கருத்த நிறமுள்ளவர்களை வேலைக்கோ கல்யாணத்துக்கோ லாயக்கற்றவர்களாகக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணய மன்றம் நெறி வகுத்தது. இதற்கெல்லாம் முன்னோடியாக 2009இல் நம் சென்னையிலிருந்துதான் ‘விமன் ஆஃப் வொர்த்’ என்ற அமைப்பு ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. பின்னால் நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்ததும்தான் நாடெங்கும் பேசப்பட்டது.

நீதிமன்றம் என்றால் நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 2023இல் கர்நாடக உயர்நீதிமன்றம், கணவனைக் கருப்பன் என்று இழிவுபடுத்தியதைக் கொடுமையாகக் கருதி விவாகரத்து அளித்தது. அதே ஆண்டு சத்தீஸ்கர் உயர்நீதிமன்றம், மனைவியின் கருத்த நிறத்தை இழித்து விரட்டிய கணவனுக்கு விவாகரத்து தர மறுத்தது.

இன்னொன்று. 2025 மார்ச்சில் கேரளத்தின் அப்போதைய தலைமைச் செயலாளர் சாரதா முரளீதரன், தன் பணிக்காலம் கருப்பு, தனக்கு முன் அதே பதவியிலிருந்த கணவரின் காலம் வெளுப்பு என்று ஒருவர் சொன்னதை முகநூலில் எழுதினார். நான்கு வயதில், ‘மறுபடி உன் வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத் தா’ என்று தாயிடம் தான் கேட்டதையும் அதில் சொல்லியிருந்தார். மாநில அதிகாரிகளின் ஆகப் பெரிய நாற்காலியில் அமர்ந்த பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. ‘பொண்ணு படிச்சு வேலைக்குப் போயிட்டா எல்லாம் சரியாயிரும்’ என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மாட்டுத்தாவணி_மச்சான்

டப்பாவுல பேரை மாத்துனாய்ங்க, டப்பாவை மாத்தலயே.

நெறியாளர்

தனிச் செய்தியில் சிலர் ‘அந்த டியூப் பேரென்ன’ என்று மெடிக்கல்_முனை அவர்களைக் கேட்பதாகத் தெரியவந்தது. இழையை முதலிலிருந்து படிக்கவும். பெயரை இங்கே யார் எழுதினாலும் நீக்கப்படும்.

கோரிப்பாளையம்_கோமதி

பாத்தீங்களா, இதான் நம்ம ஊரு.

மேலூர்_டீச்சர்

கூட்டம் முடிஞ்சுருச்சு. நடந்ததைச் சொல்லணும்ல, இதோ.

மெடிக்கல் தம்பி சொன்ன மாதிரி கிட்னியில ஆரம்பிச்சேன். எல்லாரும் கேட்டாங்க. பொருளாளர் தம் மகளுக்குப் போன் போட்டு, ‘நீ என்ன பூசுற’ன்னு அங்கயே விசாரிச்சாரு. அப்புறம் போன வருசப் படிவக் கட்டை மேசையில வச்சு, ‘கருப்புல டிக் அடிச்ச பொண்ணு வீட்டுப் படிவம் ஒண்ணை எடுத்துக் காட்டுங்க’ன்னு மட்டும் சொன்னேன். ரெண்டு பேர் நெசமாவே தேடினாங்க. துணைத்தலைவர், ‘அது வந்தம்மா, யார் தன் பிள்ளையைப் போய்...’ன்னு ஆரம்பிச்சு நிறுத்திக்கிட்டாரு. பொண்டுக சைடுல இருந்து ஒரு பாட்டி எந்திரிச்சு, ‘மாட்டுத் தாவணியில பல்லைப் புடிச்சுப் பாக்குற மாதிரி பாத்துத்தான் என்னையும் கூட்டியாந்தாக, எழுவது வயசாச்சு, இன்னும் எங்க வீட்டுல கருவாச்சின்னாத்தான் தெரியும்’னு சொல்லிட்டு உக்காந்துச்சு. பாட்டியோட புருசன் மேடையில இருந்தாரு.

முடிவு: ‘நிறம்’ கட்டம் எடுக்கப்பட்டது. ‘எதிர்பார்ப்பு’ பகுதியில நிறத்தைக் குறிப்பிட்டு எழுதினா மேடையில அதை வாசிக்க மாட்டாங்க. எழுதக் கூடாதுன்னு தடை போடச் சொன்னேன், ஒத்துக்கல. பழைய படிவம் ரெண்டு கட்டு மிச்சம் இருக்காம், அதை வீணாக்க வேண்டாம்னு பொருளாளர் சொல்றாரு. பேனாவுல அடிச்சுத் தர நாங்க நாலு பொம்பளைங்க உக்காரப்போறோம்.

இதுல ஒரு கூத்து. புதுப் படிவம் அச்சாகி வந்துருச்சு. நிறத்தை எடுத்துட்டாங்க. அந்த இடத்துல ‘தோற்றம்’னு ஒரு கட்டம் போட்டிருக்காரு செயலாளர். கேட்டா, ‘இடம் காலியா இருந்துச்சும்மா’ங்கிறாரு.

தகவல்மையம்_பழைய_ஆள்

நான் சொன்னேன்ல.

அனுப்பானடி_அத்தை

அந்தத் தோற்றத்துல என்னத்த எழுதுறது?

செல்லூர்_சிங்கம்

எங்க சின்னக்காவுக்கு இன்னைக்குத்தான் நிரப்பினோம் அத்தே, அதே சங்கம். இந்தத் தடவை அதுவே பேனாவைப் பிடுங்கி எழுதுச்சு. தோற்றம்: ‘உண்டு’.

மேலூர்_டீச்சர்

அந்தப் படிவம் என் கைக்குத்தான் வந்துச்சு. ரசீது போட்டாச்சு.